சராசரிக்கு அப்பால்: கார்ல் பியர்சன்

திட்ட விலக்கம், முகடு என்னும் சொற்களை நம் மாணவர் நாள்தோறும் எழுதுகின்றனர். இவற்றின் மூலமாகிய ஆங்கிலப் பெயர்களைச் சூட்டியவர் கார்ல் பியர்சன் என்பதைப் பலர் அறியார். அவர்தம் வாழ்வை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

இலண்டன் மாநகரில் 1857 மார்ச் 27-இல், வழக்கறிஞர் ஒருவரின் மகனாகப் பிறந்தார் பியர்சன். கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்று, 1879-இல் சிறப்புத் தேர்வில் மூன்றாமிடம் பெற்றார். ஜெர்மனி சென்றும் கல்வி கற்றார். 1884-இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் கணிதப் பேராசிரியர் ஆனார்.

அக்கல்லூரியின் விலங்கியல் பேராசிரியர் வெல்டன், நேப்பிள்ஸ் கடற்பகுதி நண்டுகள் ஆயிரத்தை அளந்திருந்தார். அவற்றின் நெற்றி அகல அளவுகள் மணி வடிவில் அமையாமல் ஒருபுறம் சாய்ந்து நின்றன. காரணம் கேட்டுப் பியர்சனை நாடினார். இரு வேறு பரவல்கள் கலந்தால் இவ்வாறு அமையக்கூடும் என்று 1894-இல் கணித்துக் காட்டினார் பியர்சன். திட்ட விலக்கம் என்னும் பெயர் அக்கட்டுரையில்தான் அச்சேறியது. மிகுதியாக வரும் மதிப்பைக் குறிக்கும் முகடு 1895-இல் பெயர் பெற்றது.

திட்ட விலக்கத்தின் பயனை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். மூவர் பெற்ற மதிப்பெண்கள் 48, 50, 52. வேறு மூவர் பெற்றவை 10, 50, 90. இரு குழுவுக்கும் சராசரி 50 தான். ஆயினும் முதற்குழுவின் திட்ட விலக்கம் ஏறத்தாழ 1.6; மற்றதனுடையதோ 32.7. சராசரி மறைத்ததைப் பரவல் வெளிப்படுத்துகிறது. பின்தங்கிய மாணவரையும் முந்திய மாணவரையும் அதுவே நமக்குக் காட்டித் தருகிறது.

பியர்சன் 1901-இல் நண்பர்களோடு தொடங்கிய பயோமெட்ரிகா இதழைப் படித்தே நம் நாட்டு மகலனோபிஸ் இத்துறையின்பால் ஈர்க்கப்பட்டார். கல்கத்தாவில் 1931-இல் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவியவர் அவர்.

இத்துணைப் பெருமைக்கும் உரிய பியர்சன் வாழ்வில் ஒரு கறையும் உண்டு. மக்களினங்களுள் உயர்வு தாழ்வு உண்டெனக் கருதிய இனமேம்பாட்டுக் கொள்கையை அவர் போற்றினார். இலண்டனில் குடியேறிய யூதச் சிறார்களை அளந்து, 1925-இல் வெளியிட்ட ஆய்வில், சராசரியைக் கொண்டு அம்மக்களின் குடியேற்றத்தை எதிர்த்தார். பரவலைக் காணுமாறு உலகுக்குக் கற்பித்தவர், மனிதரிடத்தில் அதனைக் காணத் தவறினார். 1936 ஏப்ரல் 27-இல் அவர் மறைந்தார். தம் கட்டடத்துக்குச் சூட்டியிருந்த அவர் பெயரை அக்கல்லூரி 2020-இல் நீக்கியது.

அவர் தந்த அளவைகளை நாம் நன்றியுடன் கைக்கொள்வோம். ஒரு கூட்டத்தின் சராசரியைக் கொண்டு அதிலுள்ள ஒருவரை எடைபோடலாகாது என்னும் பாடத்தை, அவர் வாழ்விலிருந்தே கற்போம்.