ஓசூர் மாடியில் ஒரு வானிலை சென்சார்: கருவிகளுக்காக வாழ்ந்த அன்னா மணி யார்?

2024 டிசம்பர் தொடக்கம். ஃபெஞ்சல் புயல் கரை கடந்து, வலுவிழந்து, உள்மாவட்டங்களுக்குள் வந்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. நிறுத்தியிருந்த வாகனங்களையே வெள்ளம் இழுத்துக்கொண்டு போன படங்களை எல்லோரும் பார்த்தோம். சரி, அந்த 50 என்ற எண்ணை எதை வைத்து நம்புகிறோம்? அங்கே இருந்த மழைமானியும், வேறு ஊரில் இருக்கும் மழைமானியும் ஒரே மாதிரி அளக்கும் என்ற நம்பிக்கைதான். சுதந்திரம் கிடைத்த சமயத்தில், இந்த மழைமானியைக்கூட இந்தியா வெளிநாட்டில் இருந்துதான் வாங்கிக்கொண்டிருந்தது. அதை மாற்றியவர்களில் முக்கியமானவர் அன்னா மணி.

1918 ஆகஸ்ட் 23 அன்று, அன்றைய திருவிதாங்கூரில் இருந்த பீர்மேட்டில் பிறந்தவர். அப்பா சிவில் இன்ஜினீயர், ஏலக்காய்த் தோட்டமும் உண்டு. எட்டு பிள்ளைகளில் ஏழாவது. எட்டாவது பிறந்தநாளுக்கு வீட்டு வழக்கப்படி வைரத்தோடு கொடுத்தார்கள். அது வேண்டாம், என்சைக்ளோபீடியா பிரிட்டானிக்கா வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாராம். காந்தி வைக்கத்துக்கு வந்துபோன பிறகு கதர் உடுத்த ஆரம்பித்தார்.

சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஹானர்ஸ் முடித்தது 1939-ல். அடுத்த ஆண்டே உதவித்தொகையோடு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சி.வி.ராமனின் ஆய்வகத்துக்குப் போனார். வைரமும் மாணிக்கமும் எப்படி ஒளிர்கின்றன என்பது ஆய்வு. ஒரு படம் பதிவாக 15, 20 மணி நேரம் ஆகும் என்பதால் பல இரவுகள் ஆய்வகத்திலேயே தூக்கம். ஒரு பெண் கருவியைக் கையாளும்போது சின்னத் தவறு நடந்தாலும், பெண் என்பதால்தான் என்று பேசிய காலம் அது. தனி ஒருவராக ஐந்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். 1945-ல் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சமர்ப்பித்தார். எம்.எஸ்சி. பட்டம் இல்லை என்று சொல்லி டாக்டர் பட்டத்தை மறுத்துவிட்டார்கள். அந்த ஆய்வேடு ராமன் ஆராய்ச்சி நிலைய நூலகத்தில் இருக்கிறது. கடைசி வரை அவர் பெயருக்கு முன்னால் அந்தப் பட்டம் ஏறவே இல்லை.

இயற்பியல் படிக்கத்தான் லண்டன் போக நினைத்தார். கிடைத்த உதவித்தொகையோ வானிலைக் கருவிகள் பற்றிய பயிற்சிக்கு. சரி என்று கிளம்பினார். திருப்பம் அதுதான்.

1948-ல் திரும்பி வந்து புனேயில் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கருவிகள் பிரிவில் சேர்ந்தார். 1953-ல் அந்தப் பிரிவுக்கே தலைவர். அவருக்குக் கீழே 121 ஆண்கள். சுமார் 100 வகைக் கருவிகளுக்குத் தரமான வரைபடங்களைத் தயாரித்து, இங்கேயே உற்பத்தி செய்ய வைத்தார். வரைபடம் போடுவதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். ஒரு பட்டறையில் செய்த மழைமானியின் வாய் கொஞ்சம் அகலமாக இருந்தால், அந்த ஊரில் மட்டும் கணக்கில் மழை கூடிவிடும். தப்பான அளவைவிட அளவே இல்லாமல் இருப்பது மேல் என்பது அவருடைய நிலைப்பாடு.

இதை இன்றைக்குப் புரிந்துகொள்ள ஓசூர் வசதியான இடம். சிப்காட் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் தெரிந்த இளைஞர்களுக்குக் குறைவில்லை. சுற்றிலும் ரோஜா பாலிஹவுஸ்கள். உள்ளே ஈரப்பதம் ஏறி அப்படியே நின்றால் பூஞ்சை வந்து பூ கெடும். அதனால் சின்ன கம்ப்யூட்டர் போர்டான ராஸ்பெரி பையில் ஒரு சென்சாரை மாட்டி அளந்து பார்க்கலாம் என்ற யோசனை யாருக்கும் வரும். பிஎம்இ280 என்ற சென்சார் வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தம் மூன்றையும் சொல்லும். நாலே வயர்தான். மின்சாரம் போர்டின் 1-வது பின்னில் (3.3 வோல்ட், 5 வோல்ட் பின்னில் குத்திவிடக் கூடாது), எஸ்டிஏ 3-வது பின்னில், எஸ்சிஎல் 5-வது பின்னில், கிரவுண்ட் 6-வது பின்னில். செட்டிங்கில் ஐ2சி வசதியை ஆன் செய்து தேடினால், 76 அல்லது 77 என்ற முகவரியில் சென்சார் தெரியும். பிறகு சில வரி பைத்தான் போதும். அரை மணி நேர வேலை.

அன்னா மணியின் வேலை தொடங்குவது இதற்கு அப்புறம்தான். சென்சாரை போர்டுக்குப் பக்கத்திலேயே ஒட்டி வைத்தால், பிராசஸர் சூட்டில் வெப்பநிலை சில டிகிரி ஏறிக் காட்டும். வெயில் நேராகப் பட்டால் அது காற்றின் வெப்பநிலையே இல்லை, சென்சாரின் வெப்பநிலை. அதனால்தான் வானிலை நிலையங்களில் காற்று புகும் பலகைச் சட்டங்கள் வைத்த வெள்ளைப் பெட்டியைத் தரையில் இருந்து சுமார் 4 அடி உயரத்தில் வைக்கிறார்கள். சிமென்ட் மாடியில் வைத்துவிட்டு, ஓசூரில் 42 டிகிரி என்று ஸ்டேட்டஸ் போட்டால் யார் நம்புவது?

காற்றழுத்தத்திலும் ஒரு குழப்பம் வரும். கடல்மட்டத்தில் சுமார் 1013 ஹெக்டோபாஸ்கல் என்று புத்தகத்தில் இருக்கும். சென்சாரோ 910-ஐ ஒட்டிக் காட்டும். பழுதில்லை. ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதே கருவியைக் கிருஷ்ணகிரிக்கு எடுத்துப்போனால் 950-ஐத் தாண்டும். ஈரப்பதத்தைச் சோதிக்க சமையலறை உப்பே போதும். மூடியில் கொஞ்சம் உப்பு, சேறு மாதிரி ஆகும் அளவுக்குத் தண்ணீர், அதோடு சென்சாரையும் (உப்பில் படாமல்) ஒரு டப்பாவில் போட்டு மூடிவிட்டுச் சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் 75 சதவீதம் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் எவ்வளவு வித்தியாசமோ அதைக் குறித்துவைத்துக் கழித்துக்கொள்ளலாம். இந்த வேலையைச் செய்பவர்கள் குறைவு. அவருடைய பிரிவில் இதைச் செய்யாமல் எந்தக் கருவியும் வெளியே போக முடியாது.

1957-58 சர்வதேச புவி இயற்பியல் ஆண்டையொட்டி, சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை நாடு முழுக்க அமைத்தார். 1960களில் ஓசோனை அளக்கும் பலூன் கருவி. தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் வந்தபோது, விக்ரம் சாராபாய் கேட்டுக்கொண்டதால் அங்கே வானிலை நிலையத்தையும் கருவிக் கோபுரத்தையும் அமைத்துக் கொடுத்தார். 1976-ல் துணை தலைமை இயக்குநராக ஓய்வுபெற்றார்.

ஓய்வு என்பது பெயருக்குத்தான். பெங்களூருக்கே திரும்பி, ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் மூன்று ஆண்டுகள் இருந்தார். இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சுத் தரவுகளை 1980, 1981-ல் இரண்டு புத்தகங்களாகக் கொண்டுவந்தார். 1983-ல் காற்றுச் சக்தித் தரவுகள். பிறகு எங்கெல்லாம் காற்றாலை போடலாம் என்று கண்டுபிடிக்க, ஊர் ஊராகக் கோபுரம் நட்டுக் காற்றை அளக்கும் பணிக்குத் தலைமை. இதில் பிழைக்கு இடமே இல்லை. காற்றின் வேகம் 10 சதவீதம் கூடினால் அதில் உள்ள சக்தி 33 சதவீதம் கூடும். மீட்டர் கொஞ்சம் கூடுதலாகக் காட்டினால், காற்று இல்லாத இடத்தில் கோடிக்கணக்கில் பணம் போட்டு இறக்கையை நட்டுவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். காற்றின் வேகத்தையும் சூரிய ஆற்றலையும் அளக்கும் கருவிகள் செய்ய பெங்களூரில் சொந்தமாக ஒரு சின்னப் பட்டறையும் வைத்திருந்தார்.

திருமணம் செய்துகொள்ளவில்லை. மலையேற்றமும் பறவை பார்ப்பதும் பிடிக்கும். 1994-ல் பக்கவாதம் வந்து நடமாட்டம் நின்றது. 2001 ஆகஸ்ட் 16 அன்று, 83-வது பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருந்தபோது, திருவனந்தபுரத்தில் காலமானார்.