இலக்கணம் கற்பித்த செனகல் கவிஞர்

செனகல் நாட்டின் கடற்கரையூராகிய ஜோவாலில் 1906ஆம் ஆண்டு பிறந்தவர் லெயோப்போல் செங்கோர். செரெர் அவர்தம் தாய்மொழி. கவிஞராக, தம் நாட்டின் முதற் குடியரசுத் தலைவராக அவரை அறிவோம். பள்ளி ஆசிரியராக அறிந்தோர் சிலரே.

1928இல் உதவித்தொகை பெற்றுப் பாரிசு சென்றார். எக்கோல் நொர்மால் கல்லூரியின் நுழைவுத் தேர்வில் தோல்வியே கிட்டியது. எனினும், பிரெஞ்சு மேனிலைப் பள்ளி ஆசிரியர்க்கான அக்ரெகாசியோன் என்னும் கடும் போட்டித் தேர்வை, அதிலும் இலக்கணப் பிரிவில், எழுதத் துணிந்தார். கிரேக்கம், இலத்தீன், பிரெஞ்சு மூன்றிலும் ஆழங்கால்பட்டோர்க்கே உரியது அது. அதற்கும் முன்னே ஒரு தடை. பிரெஞ்சுக் குடிமக்களுக்கே அன்று அத்தேர்வை எழுத உரிமை இருந்தது. டக்கார் முதலிய நான்கு நகரங்களில் பிறந்த செனகலியர் குடிமக்கள். ஜோவாலில் பிறந்தவரோ வெறும் ஆளப்படுவோர். விண்ணப்பித்துக் குடியுரிமை பெற்ற பின்னரே தேர்வு மண்டபம் புக முடிந்தது. 1935இல் தேறினார். ஆப்பிரிக்கருள் அவரே முதல்வர்.

தூர் நகரில் பிரெஞ்சுச் சிறுவர்க்கு அவர்தம் தாய்மொழியையே கற்பித்தார். மாலையில் தொழிலாளர்க்குக் கட்டணமின்றிப் பாடம் சொன்னார். பிறமொழி இலக்கணத்தில் தோய்ந்தவர் தம்மொழியை மறப்பர் என்பர் சிலர். செங்கோரோ 1940களில் செரெர், வோலோப் மொழிகளின் இலக்கணத்தை ஆராய்ந்து கட்டுரைகள் வரைந்தார். 1945இல் முதற் கவிதைத் தொகுதி வந்தது.

அந்த மொழிநாட்டமே 1974இல் அவரைச் சென்னை உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தில் உரையாற்ற வைத்தது. திராவிட, ஆப்பிரிக்க மொழிகளிடையே அவர் கண்ட உறவை மொழியியலார் பலரும் ஏற்கவில்லை. ஆனாலும் பேராசிரியர் க. ப. அறவாணன் டக்கார் பல்கலைக்கழகம் சென்று பணியாற்ற வழி திறந்தது அவ்வார்வமே. செங்கோர் 2001இல் மறைந்தார்.