தமிழில் மருத்துவம் தந்த கிறீன்

எங்கள் உம்மம்மாவுக்கு மூச்சு வாங்கியபோது, கட்டுகஸ்தோட்டையில் வைத்தியரிடம் கூட்டிச் சென்றவள் நான். அவர் தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் சொல்வதே என் வேலை. இருமலைச் சொன்னேன். படுத்தால் மூச்சு முட்டுவதையும் தலையணைகளில் சாய்ந்தே உறங்குவதையும் சிறு விஷயமென்று விட்டுவிட்டேன். கால் வீக்கத்தைக் கண்ட வைத்தியர், இரவில் எத்தனை தலையணை வேண்டுமென்று கேட்டார். இருமலுக்குக் காரணம் இதயம் என்பது அதன் பின்னரே புலனாயிற்று.

அப்போதுதான் நூலகத்தில் படித்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீனின் அருமை எனக்கு விளங்கியது. 1822இல் அமெரிக்காவில் பிறந்த அவர், மிஷன் வைத்தியராக 1847இல் யாழ்ப்பாணம் வந்தார், தமிழ் கற்றார். மானிப்பாயில் நோயாளரைப் பார்த்துக்கொண்டே மாணவருக்கு மேலைத்தேய மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் நடந்த வகுப்புகளைப் பின்னர் தமிழுக்கு மாற்றினார். உடற்கூறு, இரண வைத்தியம், பிரசவ வைத்தியம், இரசாயனம் பற்றிய நூல்களைத் தமிழில் ஆக்கினார். அறுபதுக்கு மேற்பட்டோரை வைத்தியராக்கினார். 1873இல் தாய்நாடு திரும்பி, 1884இல் காலமானார்.

நோயாளியின் சொல்லே நோயை அறியும் முதல் வழி. சகோதரிகளே, நம்மில் வைத்தியராவோர் இரு மொழியும் கற்போம். துணைக்குச் செல்வோர் ஒரு சொல்லையும் விடாது சொல்வோம்.