காந்தியடிகளின் சாப்பாட்டுக் கணக்கு

1919-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 25-ந் தேதி. காந்தியடிகள் திருச்சிராப்பள்ளிக்கு வந்திருந்தார். ரௌலட் சட்டத்தை எதிர்த்து மக்களைத் திரட்டுவதற்காக அவர் தென்னாட்டில் சுற்றிய காலம் அது. சென்னை, தஞ்சை, திருச்சி, மதுரை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் என்று ஊர் ஊராகப் போனார்.

அப்போது அவருக்கு வயது 49. ஆனால் நின்றுகொண்டு பேச அவரால் முடியவில்லை. சற்று நேரம் நின்றால் உடம்பெல்லாம் நடுங்கும். நெஞ்சு படபடக்கும். குரலை உயர்த்தவும் பலம் இல்லை.

தென் ஆப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையிலிருந்து ஜோகன்ஸ்பர்க் நகரம் 21 மைல். அந்தத் தூரத்தை நடந்தே போனவர் அவர். அப்படிப்பட்டவர் எதனால் இப்படித் தளர்ந்து போனார்?

எல்லாம் சாப்பாட்டினால் வந்தது. எவ்வளவு சாப்பிடுவது, எப்போது நிறுத்துவது என்ற கேள்வியோடு அவர் வாழ்நாள் முழுவதும் போராடினார். இன்று உடம்பின் எடையைக் குறைக்க விரும்புகிறவர்களும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். தராசில் நிறுத்து, கணக்குப் பார்த்துச் சாப்பிடுவதா? பசித்தால் சாப்பிட்டு, போதும் என்று தோன்றியதும் எழுந்துவிடுவதா? காந்தியடிகள் இரண்டையும் செய்து பார்த்தார். இரண்டிலும் அடிபட்டார்.

தாய் காட்டிய வழி

மோகன்தாஸ் காந்தி 1869-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி போர்பந்தரில் பிறந்தார். அவருடைய தாயார் புத்லிபாய் விரதங்களில் பற்று மிகுந்தவர். மழைக்காலத்தில் நான்கு மாதம் நோன்பு இருப்பார். ஒரு வருஷம், சூரியனைக் கண்ணால் பார்க்காமல் சாப்பிடுவதில்லை என்று விரதம் எடுத்துக்கொண்டார்.

குழந்தைகள் வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். சூரியன் தெரிந்ததும் ஓடிப்போய்ச் சொல்லுவார்கள். தாயார் வெளியே வருவதற்குள் சூரியன் மேகத்துக்குள் மறைந்துவிடும். அவர் முகம் சுளிக்காமல் உள்ளே போய் வேலையைப் பார்ப்பார். அன்று சாப்பாடு இல்லை.

ஸ்ரீரங்கத்து வீடுகளில் ஏகாதசி விரதம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. முறையாக இருப்பவர்கள் அன்று பட்டினி இருந்து, மறுநாள் துவாதசியில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சேர்த்து அளவாகச் சாப்பிடுவார்கள். விரதம் என்ற பெயரில் சோற்றை மட்டும் விட்டுவிட்டு, பலகாரத்தால் வயிற்றை நிரப்புகிறவர்களும் உண்டு. பசியை அடக்குவது ஒன்று. நாக்கை அடக்குவது வேறு. இந்த வேறுபாட்டை மோகன்தாஸ் தெரிந்துகொள்ளப் பல வருஷம் ஆயிற்று.

சீமையில் பட்டினி

1888-ம் ஆண்டு அவர் பாரிஸ்டர் படிப்புக்காக லண்டனுக்குக் கப்பல் ஏறினார். புலால் உண்பதில்லை என்று தாயாருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். தங்கியிருந்த வீட்டில் இரண்டு மூன்று ரொட்டித் துண்டு வைப்பார்கள். இன்னும் வேண்டும் என்று கேட்க வெட்கம். வயதோ பதினெட்டு, பத்தொன்பது. நல்ல பசி. வயிறு கூப்பிட்டது. ஆனால் வாய் திறக்கவில்லை.

தினமும் பத்து, பன்னிரண்டு மைல் நடந்து, சைவ உணவு விடுதியைத் தேடி அலைந்தார். கடைசியில் பாரிங்டன் தெருவில் ஒன்று கண்ணில் பட்டது. சீமைக்கு வந்த பிறகு அவர் வயிறாரச் சாப்பிட்டது அன்றுதான்.

பிறகு அவருக்குக் கணக்கு எழுதும் பழக்கம் வந்தது. செலவழிக்கும் ஒவ்வொரு காசையும் எழுதினார். தனி அறை எடுத்து, தானே கஞ்சி காய்ச்சிக் குடித்தார். கணக்கு வைத்தால் வாழ்க்கை சீராகும் என்று கண்டுகொண்டார். பணத்துக்கு வைத்த கணக்கைப் பிற்காலத்தில் சாப்பாட்டுக்கும் வைத்தார்.

தலைவலி போனது

தென் ஆப்பிரிக்காவில் வக்கீலாக நன்றாகச் சம்பாதித்தார். மூன்று வேளையும் வயிறு நிறையச் சாப்பிட்டார். மாலையில் தேநீர் வேறு. மலச்சிக்கலும் தலைவலியும் வந்தன.

அந்தச் சமயம் ஒரு செய்தி படித்தார். இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரில், காலைச் சாப்பாட்டை விட்டுவிடுவதற்கென்றே ஒரு சங்கம் ஏற்பட்டிருந்தது. ஆங்கிலேயர்கள் அடிக்கடியும் அதிகமாகவும் சாப்பிடுகிறார்கள் என்பது அவர்கள் கட்சி. காந்தியும் காலைச் சாப்பாட்டை விட்டார். சில நாள் கஷ்டமாக இருந்தது. பிறகு தலைவலி அடியோடு நின்றது. தேவைக்கு மேல் சாப்பிட்டு வந்திருக்கிறோம் என்பது அவருக்கு விளங்கியது.

மணி அடித்ததும் சாப்பிட உட்காருவது பழக்கம். வயிறு கேட்டதா என்று அதுவரை அவர் பார்த்ததில்லை.

அதன் பிறகு ஒவ்வொன்றாக விட்டார். உப்பையும் பருப்பையும் விட்டார். 1912-ல் பாலை விட்டார். பழமும் வேர்க்கடலையுமே ஆகாரம் ஆயிற்று. 1915-ல் ஹரித்துவாரம் கும்பமேளாவில் மேலும் ஒரு விரதம் எடுத்தார். ஒரு நாளில் ஐந்து பொருள்களுக்கு மேல் உண்பதில்லை. இருட்டிய பிறகு ஒன்றும் உண்பதில்லை.

நாக்கு செய்த வேலை

1918-ம் ஆண்டு. குஜராத்தில் கேடா ஜில்லாவில் ஓயாமல் அலைந்துகொண்டிருந்தார். அரைத்த வேர்க்கடலையும் எலுமிச்சம்பழமும்தான் முக்கிய ஆகாரம். வேர்க்கடலை நல்ல பொருள்தான். ஆனால் அளவு மிஞ்சியது. சீதபேதி கண்டது.

ஆசிரமத்துக்குத் திரும்பி ஒரு வேளை பட்டினி போட்டார். உடம்பு தேறத் தொடங்கியது. அன்று பண்டிகை நாள். பகலில் ஒன்றும் வேண்டாம் என்று கஸ்தூரிபாயிடம் முன்பே சொல்லியிருந்தார். ஆனாலும் அந்த அம்மையார் கோதுமையில் இனிப்புக் கஞ்சி செய்து வைத்திருந்தார். பாசிப்பயறும் இருந்தது. மனைவியின் மனம் நோகக்கூடாது என்று ஒரு காரணம். நாக்கின் ஆசை இன்னொரு காரணம். கொஞ்சம் சாப்பிட்டு நிறுத்தவில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டார்.

ஒரு மணி நேரத்துக்குள் பேதி கடுமையாயிற்று. பல வாரம் படுத்த படுக்கை. பிழைப்பாரா என்றே சந்தேகம் வந்தது. பால் குடித்தால்தான் உடம்பு தேறும் என்று பம்பாயில் டாக்டர் தலால் சொன்னார். பாலை விட்டது விரதம் ஆயிற்றே என்றார் காந்தியடிகள். விரதம் எடுத்தபோது பசும்பாலையும் எருமைப்பாலையும்தானே நினைத்தீர்கள், ஆட்டுப்பால் குடிக்கலாமே என்று கஸ்தூரிபாய் வழி சொன்னார். 1919 ஜனவரியில் ஆட்டுப்பால் குடிக்கத் தொடங்கினார். அதன் பலத்தில்தான் மார்ச்சு மாதம் திருச்சிக்கு வர முடிந்தது.

அன்று அவரைச் சாப்பிட வைத்தது வயிற்றுப் பசி அல்ல. நாக்குப் பசி. இரண்டும் ஒரே குரலில் பேசும். உற்றுக் கேட்டால்தான் வேறுபாடு தெரியும்.

எட்டுத் தோலா

பத்து வருஷம் கழித்து வேறு விதமான சோதனை. இம்முறை தராசை நம்பினார். 1929-ல், அடுப்பில் ஏற்றாத உணவை மட்டும் உண்பது என்று தொடங்கினார். முளைவிட்ட கோதுமை 8 தோலா. அரைத்த பாதாம்பருப்பு 8 தோலா. பச்சைக் கீரை 8 தோலா. ஆறு எலுமிச்சம்பழம். தேன் 2 அவுன்சு. எல்லாம் நிறுத்து எடுத்தது. எட்டுத் தோலா என்பது 93 கிராம்.

சில மாதங்களில் பலம் குன்றியது. மறுபடியும் சீதபேதி வந்தது. சோதனையைக் கைவிட்டார். பாலுக்குத் திரும்பினார். தோல்வியை மறைக்கவில்லை. தம்முடைய பத்திரிகையிலேயே எழுதினார்.

தராசு ஏன் அவரைக் காப்பாற்றவில்லை? இன்றைய கணக்கைப் போட்டுப் பார்த்தால் புரியும்.

கலோரிக் கணக்கு

உணவு உடம்புக்குள் தரும் சக்தியை அளக்கும் அளவு கலோரி. ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி தரும். ஒரு கிராம் புரதமும் 4 கலோரி. ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி. செலவழிப்பதைவிட அதிகம் உள்ளே போனால் உடம்பு பெருக்கும். குறைவாகப் போனால் இளைக்கும். இதில் மாற்றம் இல்லை.

நம் நாட்டு உணவுகளுக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தது நீலகிரியில் குன்னூரில் இருந்த உணவு ஆராய்ச்சிக்கூடம். அதன் தலைவர் டாக்டர் அய்க்ராய்டு தொகுத்த அட்டவணை 1937-ல் நூலாக வந்தது. அந்தக் கூடம் பின்னர் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டது. அதுவே இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்.

அந்த முறையில் பார்த்தால், காந்தியடிகள் நிறுத்துச் சாப்பிட்ட பச்சை உணவு ஏறக்குறைய 1,000 கலோரிதான். அறுபதை நெருங்கிய, மெலிந்த ஒருவர் நடமாடி வேலை செய்ய 1,500 கலோரிக்கு மேல் வேண்டும். தராசு சரியாகத்தான் நிறுத்தது. தட்டில் வைத்த அளவுதான் போதவில்லை. அதை அவருக்குச் சொன்னது தராசு அல்ல. தளர்ந்துபோன உடம்பு சொன்னது. நல்ல வேளையாக அவர் அதைக் கேட்டுக்கொண்டார்.

உப்பும் ஏழையும்

1930-ம் ஆண்டு ஏப்ரல் 13-ந் தேதி ராஜாஜியின் தலைமையில் ஏறக்குறைய நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு உப்பெடுக்கப் புறப்பட்டார்கள். காந்தியடிகள் தண்டியில் தொடங்கிய போரின் தென்னாட்டுப் படை அது. தம் இலையிலிருந்து உப்பை ஒரு காலத்தில் விலக்கியவர், ஏழையின் கஞ்சிக்கு உப்பு வேண்டும் என்று போராடினார்.

குறைத்துச் சாப்பிடுவது, இருக்கிறவன் தானாக ஏற்க வேண்டிய விரதம். இல்லாதவனுக்கு அதை உபதேசம் செய்யக்கூடாது. இதில் அவர் தெளிவாக இருந்தார். 1934 பிப்ரவரியில் ஹரிஜன சேவைக்காக மறுபடி திருச்சிக்கு வந்தபோதும், அந்த ஏழைகளுக்காகவே நிதி திரட்டினார்.

சிறையில் கண்ட முடிவு

1942-ல் புனாவில் ஆகாகான் மாளிகையில் சிறை வைக்கப்பட்டிருந்தபோது, உடல்நலம் பற்றிக் குஜராத்தியில் ஒரு சிறு நூல் எழுதினார். உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும் என்று அதில் அளவு கொடுத்தார். பால் 2 பவுண்டு. தானியம் 6 அவுன்சு. கீரை 3 அவுன்சு. மற்றக் காய்கள் 5 அவுன்சு. பச்சைக் காய் 1 அவுன்சு. நெய் ஒன்றரை அவுன்சு. வெல்லம் அல்லது சர்க்கரை ஒன்றரை அவுன்சு. அவரவர் வசதிப்படி பழம்.

இதற்குக் கலோரிக் கணக்குப் போட்டால், பழம் நீங்கலாகவே 1,800 கலோரி வருகிறது. நாற்பது வருஷம் பட்ட அடி, கணக்கைச் சரியான இடத்தில் கொண்டுவந்து சேர்த்தது.

அளவோடு அவர் நிற்கவில்லை. உணவை மருந்தைப்போல் உட்கொள்ள வேண்டும், ருசிக்காக அல்ல என்பது அவர் கொள்கை. எவ்வளவு என்பதைத் தராசு சொல்லட்டும். வேண்டுமா, போதுமா என்பதை வயிறு சொல்லட்டும். நாக்குக்கு மட்டும் தீர்ப்புச் சொல்ல இடமில்லை.

நமக்கு என்ன பாடம்?

காந்தியடிகள் உடம்பை இளைக்க வைப்பதற்காக இதைச் செய்யவில்லை. 1939-ல் அவர் எடை 46.7 கிலோ. உயரம் 165 சென்டிமீட்டர். இன்றைய டாக்டர்கள் கணக்கில் இது குறைந்த எடை. அவருடைய பட்டினியைப் பார்த்து யாரும் பட்டினி கிடக்க வேண்டாம். நீரிழிவுக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைகூடச் சாப்பாட்டை விடக்கூடாது.

ஆனால் அவர் பட்ட அனுபவம் எல்லா வீட்டுக்கும் உதவும். ஒரு மேஜைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. இதை வயிறு சொல்லாது. கணக்குத்தான் சொல்லும். ஆகவே சில வாரமாவது அளந்து பார்ப்பது நல்லது. வீட்டில் எண்ணெய் எவ்வளவு செலவாகிறது, இலையில் சோறு எவ்வளவு விழுகிறது என்பது தெரியவரும்.

நாள் முழுவதும் கணக்கே பார்த்துக்கொண்டிருந்தால் சாப்பாடு சுமையாகிவிடும். அளவு தெரிந்த பிறகு வயிற்றைக் கேட்கப் பழக வேண்டும். வயிறு நிறைந்த செய்தி மூளைக்கு எட்ட ஏறக்குறைய இருபது நிமிஷம் ஆகும். அவசரமாக அள்ளிப் போட்டால் செய்தி வருவதற்குள் இலை காலியாகிவிடும். மெதுவாக மென்று சாப்பிட வேண்டும். இன்னும் கொஞ்சம் சாப்பிடலாம் என்று தோன்றும்போதே எழுந்துவிட வேண்டும்.

பண்டிகை நாளில், பசியில்லாதபோது, அன்போடு ஒரு கிண்ணம் நீட்டப்படும். கொடுப்பவர் மனம் நோகாமல் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, மீதியைப் பிறகு என்று எடுத்து வைக்கலாம். 1918-ல் அந்தக் கிண்ணத்தைக் காலி செய்தவர், ஏழு மாதம் கழித்துத் திருச்சிக்கு வந்தபோதும் நின்று பேச முடியாதவராகத்தான் இருந்தார்.