மருத்துவ அன்னை ஐடா ஸ்கடர்

வேலூர் என்றதும் மாணவருக்குக் கோட்டை நினைவுக்கு வரும், நோயாளிக்கோ சி.எம்.சி. மருத்துவமனைதான் நினைவுக்கு வரும். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் இரயிலேறிக் காட்பாடியில் வந்து இறங்கும் கூட்டத்தைக் கல்லூரிக்கு வரும் வழியில் நாள்தோறும் காண்கிறேன். இலாப நோக்கமின்றி நடைபெறும் அந்த மாபெரும் நிறுவனம் ஒரு சிற்றறையில், ஒரு பெண்மணியால் தொடங்கப்பெற்றது!

ஐடா ஸ்கடர் 1870 டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். பாட்டனாரும் தந்தையாரும் அமெரிக்காவிலிருந்து வந்த மருத்துவத் தொண்டர்கள். ஐடாவுக்கோ அவ்வழியில் சிறிதும் நாட்டமில்லை. பஞ்சக் காலத்தில், பசியால் வாடிய பிள்ளைகளுக்கு ரொட்டித் துண்டுகளை ஊட்டிய சிறுவயது நினைவே அவரை இந்நாட்டைவிட்டு விலகச் செய்தது. அமெரிக்காவில் படித்து அங்கேயே வாழ எண்ணினார். தாயார் நோயுற்றதால்தான் திண்டிவனம் வந்தார். அதுவும் சில காலத்திற்கே.

அங்கே ஒரே இரவில் மூவர் வந்து கதவைத் தட்டினர். ஒருவர் அந்தணர், ஒருவர் இசுலாமியர், மற்றொருவர் வேறொரு வகுப்பைச் சேர்ந்த இந்து. மூவர் வீட்டிலும் மனைவியர் பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தனர். மருத்துவரான தந்தையார் வருவார் என்றார் ஐடா. அயல் ஆடவர் தம் மனைவியைப் பார்க்க வழக்கம் இடந்தராது என்று மூவரும் திரும்பிவிட்டனர். பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர்.

இதைப் பழங்கதை என்று ஒதுக்க என்னால் இயலவில்லை. என் ஆயா, பார்க்க வேண்டியவர் ஆண் மருத்துவர் என்பதற்காகவே பல ஆண்டுகள் வயிற்று வலியை மறைத்து வைத்திருந்தார். பெண் மருத்துவர் ஒருவர் வந்த பின்புதான் வாய் திறந்தார்.

பலரும் அந்த இரவோடு கதையை முடித்துவிடுகிறார்கள். பின்னால் வந்த ஐம்பது ஆண்டுகளே எனக்குப் பெரிதாகத் தோன்றுகின்றன. கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899இல் பட்டம் பெற்று, 1900இல் வேலூர் வந்தார். வந்த சில மாதங்களில் தந்தையார் மறைந்தார். உதவிக்குப் பயிற்சி பெற்ற செவிலியர் எவருமில்லை. ஷெல் என்னும் அமெரிக்கச் செல்வர், மறைந்த தம் மனைவியின் நினைவாக அளித்த 10,000 டாலரைக் கொண்டு, 1902இல் 40 படுக்கைகளுடன் மருத்துவமனை எழுந்தது.

நோயாளி வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. 1906 முதல் குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் வண்டியை நிறுத்தி மருந்து கொடுத்தார். கண்வலி, புண், தொழுநோய் என்று மக்கள் வரிசையாக வந்து காத்திருப்பார்களாம். 1977இல் கே.வி.குப்பத்தில் சி.எம்.சி. தொடங்கிய ஊரக நலப்பணிக்கும் அந்த மரத்தடிதான் முன்னோடி.

தாம் ஒருவர் எத்தனை ஊருக்குத்தான் ஓட முடியும்? இக்கேள்விதான் அவரை ஆசிரியராக்கியது. 1909இல் செவிலியர் பள்ளியையும், 1918இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். 1922இல் பதினான்கு பெண்கள் மருத்துவராகி வெளிவந்தனர். அந்தப் பதினான்கு பேரை அவர்தம் வீட்டார் எப்படித்தான் அனுப்பி வைத்தார்களோ! என்னை இளம் அறிவியல் வகுப்பில் சேர்க்கவே எங்கள் வீட்டில் ஒரு மாதம் வழக்காடினார்கள்.

பின்னர், அந்தப் படிப்பு போதாது, பல்கலைக்கழகப் பட்டமாக உயர்த்த வேண்டும் என்ற நிலை வந்தது. கட்டடம், பேராசிரியர், பெரும்பணம் அனைத்தும் வேண்டும். இல்லையேல் பள்ளியை மூட வேண்டும். எழுபது வயதில் அம்மையார் அமெரிக்கா சென்று ஊர் ஊராக நிதி திரட்டினார். 1942இல் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கியது. 1947இல் ஆண்களையும் சேர்த்தனர். பெண்களுக்கென்று தொடங்கியதில் ஆண்களா என்று பழைய ஆதரவாளர் சிலர் வருந்தினர்; அம்மையார் உடன்பட்டார்.

1960 மே 24 அன்று கொடைக்கானலில் அவர் மறைந்தார்.

அவர் முதலில் கட்டிய ஷெல் மருத்துவமனை இன்று கண் மருத்துவமனையாக விளங்குகிறது. ஆயாவுக்குக் கண்புரை அறுவை அங்கேதான் நடந்தது. திரும்பும்போது பேருந்தில் இக்கதையைச் சொன்னேன். இறந்துபோன அந்த மூன்று பெண்களின் பெயர் என்ன என்று கேட்டார் ஆயா. நான் படித்த எந்த நூலிலும் அவர்கள் பெயர் இல்லை.