வேதமும் கணக்கும் கற்ற குமரப்பா

வடபுலத்துக்குப் பிழைப்பு நாடி வந்த தமிழர்களுள் கணக்கு எழுதுவோரும் தணிக்கை செய்வோரும் என்றுமே மிகுதி. அவ்வகையில் நம்மவர் என்று உரிமையோடு சொல்லிக்கொள்ளத் தக்க ஒருவரின் வரலாற்றை இம்மலரில் கூற விழைகின்றோம். பம்பாயில் தணிக்கையாளராய்ச் செல்வாக்குடன் வாழ்ந்து, பின்னர் வார்தாவில் குடிசைவாசியான ஜே. சி. குமரப்பாவே அவர்.

1892 ஆம் ஆண்டு ஜனவரி 4 ஆம் நாள் தஞ்சையில், பக்தி மிக்க கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஜோசப் செல்லத்துரை கார்னீலியஸ். இலண்டனில் கணக்கியல் கற்றுத் தேர்ந்து, முதல் உலகப் போர் முடிந்தபின் பம்பாயில் தொழில் நடத்தினார். உடை, உணவு, பேச்சு யாவும் ஆங்கில முறையிலேயே அமைந்திருந்தன. நவீன வாழ்வு என்பதும் வெள்ளையர் வாழ்வு என்பதும் ஒன்றே என அக்காலத்துப் படித்த கிறிஸ்தவர் பலர் எண்ணினர். கிறிஸ்தவர் மட்டுமா? படித்தவர் அனைவருமே ஏறக்குறைய அவ்வாறுதான் இருந்தனர்.

1927 இல் அமெரிக்கா சென்றவர், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதியியல் பயின்றார். அங்கு ஒரு தேவாலயத்தில், இந்தியா ஏன் ஏழ்மையுற்றது என்பது பற்றிச் சொற்பொழிவாற்றினார். அச்செய்தியைப் பத்திரிகையில் கண்ட அவருடைய ஆசிரியர் செலிக்மன், அதனையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொள்ளுமாறு பணித்தார். அரசாங்கத்தின் வரவு செலவைத் தணிக்கைக் கண்ணுடன் புரட்டத் தொடங்கியவருக்கு ஓர் உண்மை புலனாயிற்று: வரி கொடுப்பவன் குடியானவன், அப்பணம் செல்வதோ பட்டாளத்துக்கும் கடன் வட்டிக்கும் உயர்ந்த உத்தியோகச் சம்பளத்துக்கும். நாடு திரும்பிய சகோதரர்கள் கார்னீலியஸ் என்னும் பெயரை விடுத்து, குமரப்பா என்னும் பழைய குடும்பப் பெயரை மேற்கொண்டனர். மதத்தை அவர் விட்டாரில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

அந்த ஆராய்ச்சியைக் கையில் எடுத்துக்கொண்டு 1929 மே 9 ஆம் நாள் சபர்மதி சென்றார். மரத்தடியில் முதியவர் ஒருவர் நூல் நூற்றுக்கொண்டிருந்தார். அவரே காந்தியடிகள் என்று தெரிந்ததும், விலையுயர்ந்த உடையுடனேயே மண்தரையில் அமர்ந்தார். குஜராத்தில் மாதர் தாலுகா கிராமங்களின் பொருளாதார நிலையை ஆராயும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. வீடு வீடாய்ச் சென்று கணக்கெடுத்த அப்பணி, பம்பாய்த் தணிக்கையாளரைக் கிராமத்தார் ஆக்கிவிட்டது.

1930 இல் உப்புச் சத்தியாக்கிரகம் மூண்டது. கிறிஸ்தவர்கள் அகிம்சையின் பக்கம் நிற்க வேண்டுமெனக் குமரப்பா வேண்டுகோள் விடுத்தார். கல்கத்தாவில் இருந்த தலைமைப் பேராயர் வெஸ்ட்காட், சட்டமறுப்புக் கிறிஸ்துவின் போதனைக்கு ஒவ்வாதது என மறுத்தார். குமரப்பாவோ சுவிசேஷத்தையே எடுத்துக்காட்டி விரிவாக விடையெழுதினார். தன் சபையின் தலைவரோடு வாதிடுவது எத்துணைக் கடினம் என்பதை, கோயிலும் உறவும் ஒன்றாய்ப் பின்னிய சமூகங்களில் வாழும் நாம் நன்கறிவோம். அதற்குப் பிறகு அவருக்குப் பலமுறை சிறைவாசமும் வாய்த்தது.

எனினும் அவருடைய சிந்தனையில் நாம் பெரிதும் மதிப்பது அரசியலன்று. கடைத்தெருவைப் பற்றி அவர் எழுப்பிய வினாவே. ஒரு கோப்பைக் கோக்கோவை எடுத்துக்கொண்டு அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். ஆப்பிரிக்கத் தோட்டத்தில் கட்டாய உழைப்பால் விளைந்து, பீரங்கிக் கப்பல்கள் காக்கும் கடல்வழியே சென்று, குறைகூலித் தொழிலாளரால் பக்குவம் செய்யப்பட்டு, அரசியல் வலிமையால் பெற்ற சுங்கச் சலுகையோடு அது இங்கு வந்து இறங்குமாயின், அதனை அருந்துபவன் அத்தனை கொடுமைக்கும் பங்காளியாகிறான் என்றார். ஞாயிறன்று ஜெபம் செய்துவிட்டுத் திங்களன்று கண்ணை மூடிக்கொண்டு பொருள் வாங்குவது அவருக்கு உடன்பாடன்று. விலைச்சீட்டில் எழுதப்படாத செலவையும் பேரேட்டில் ஏற்றியவர் அவர்.

இவ்வெண்ணத்தைச் செயலாக்கும் இடமாக வார்தாவின் மகன்வாடி அமைந்தது. 1934 இல் தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் காரியதரிசியாய் அங்கே கைக்குத்தல் அரிசி, செக்கெண்ணெய், பனைவெல்லம், கைக்காகிதம் ஆகியவற்றை ஆராய்ந்தார். தம் பத்திரிகையையும் கைக்காகிதத்திலேயே அச்சிட்டார். அதே ஆண்டு பீகார் பூகம்ப நிவாரண நிதியின் கணக்கைக் கவனித்தபோது, அங்கு வந்த காந்தியடிகளின் பரிவாரச் செலவை அந்நிதியிலிருந்து கொடுக்க இயலாதென மறுத்தார் என்பர். காந்தியடிகள் அதனால் மகிழ்ந்தாரேயன்றி வருந்தவில்லை.

1942 போராட்டத்தையொட்டி ஜபல்பூர்ச் சிறையில் இருந்தபோது இரு நூல்கள் எழுதினார். ஒன்று நிலையான பொருளாதாரம் பற்றியது. மற்றொன்று இயேசுவின் வாழ்வும் போதனையும் பற்றியது. முதல் நூலில், கொன்று தின்னும் புலி, பிறர் தோப்பில் பழம் பறிக்கும் குரங்கு, மலருக்கு உதவி செய்தே தேன் பெறும் தேனீ, கைம்மாறு கருதாது ஊட்டும் தாய்ப்பறவை என்று படிப்படியாக மனிதப் பொருளாதாரத்தை நிறுத்துகிறார். இவ்விரண்டும் ஒரே சிறையறையில் பிறந்தது தற்செயலன்று என்பது நம் கருத்து. இரு நூல்களுக்கும் முன்னுரை வழங்கிய காந்தியடிகள், தெய்வ நூல் டாக்டர், கிராமக் கைத்தொழில் டாக்டர் என்று அவருக்குப் பட்டங்களும் சூட்டினார்.

பெரிய ஆலைகளைப் பற்றி அவர் கொண்ட கடுமையான கருத்துக்களை நாம் முழுதும் ஏற்க இயலாது. ஆலைகளும் ரயில்களும் இல்லையேல் நம் காலனியே இல்லை. எனினும் அவர் கேட்ட கேள்விக்கு நம்மிடம் விடை இருப்பதாகவும் தோன்றவில்லை.

விடுதலைக்குப் பின் காங்கிரஸ் அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவின் தலைவராய் 1949 இல் அறிக்கை அளித்தார். பின்னர் மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியில் காந்தி நிகேதனத்தில் வந்து தங்கினார். திருமணம் செய்துகொள்ளாத அவருடைய குடிலில், ஏழைக் கிராமவாசி ஒருவரின் படம் தொங்கிற்று. காண வந்தவர்களிடம், காந்தியடிகள் தம் குரு, இவரோ தம் குருவுக்கும் குரு என்று அறிமுகம் செய்து வைப்பாராம். 1960 ஜனவரி 30 ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே தேதியில், மதுரையில் காலமானார்.