ஒரு புலமைப்பரிசில் காட்டிய வழி

இலவசக் கல்வியின் தந்தை எனப்படும் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா, 1884 ஒக்டோபர் 13ஆம் திகதி அம்பலாங்கொடைக்கு அருகிலுள்ள ரந்தொம்பே கிராமத்தில் பிறந்தார். உள்ளூர்ப் பாடசாலையின் பரிசளிப்பு விழாவுக்கு வந்த காலி றிச்மண்ட் கல்லூரி அதிபர் டரல், இந்தச் சிறுவனின் திறமையைக் கண்டு புலமைப்பரிசில் வழங்கினார். ஆசிரியர், சட்டத்தரணி, அரசியல்வாதி என அவர் உயர்ந்தது அதன் பிறகுதான்.

அன்று தாய்மொழிப் பாடசாலைகளில் கட்டணமில்லை. ஆனால் நல்ல உத்தியோகத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் வழி ஆங்கிலப் பாடசாலைதான். அங்கே காசு கட்ட வேண்டும். பிள்ளையின் எதிர்காலத்தைத் தகப்பனின் வருமானமே தீர்மானித்தது. தனக்கு அதிர்ஷ்டத்தால் கிடைத்தது எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிமையாகக் கிடைக்க வேண்டும் என்பதே கன்னங்கராவின் கொள்கையாயிற்று.

1931இல் கல்வி அமைச்சரானார். அவர் தலைமையிலான விசேட குழுவின் அறிக்கை 1943இல் வெளியானது. செலவு தாங்காது என்றும், கட்டணப் பாடசாலைகள் அழியும் என்றும் எதிர்ப்புகள் எழுந்தன. அவர் பின்வாங்கவில்லை. 1945 ஒக்டோபர் முதல் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமானது. ஆரம்பக் கல்வி தாய்மொழியிலானது.

கிராமங்களில் 50க்கும் மேற்பட்ட மத்திய கல்லூரிகள் எழுந்தன. அவற்றுக்குக் கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தெரிவதற்காகத் தொடங்கியதே இன்றைய 5ஆம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை. மட்டக்களப்பில் வி. நல்லையாவின் முயற்சியால் வந்தாறுமூலை மத்திய கல்லூரி உருவானது.

1947 தேர்தலில் மத்துகம மக்கள் அவரைத் தோற்கடித்தார்கள். 1969 செப்டெம்பர் 23ஆம் திகதி அவர் காலமானார்.

அடுத்த சில ஆண்டுகளுக்குள் தரப்படுத்தல் வந்தது. கல்வி இலவசமாகவே இருந்தது, பாடசாலைகள் மூடப்படவில்லை. ஆனால் தமிழில் பரீட்சை எழுதிய மாணவர் பல்கலைக்கழகம் புகக் கூடுதல் புள்ளி எடுக்க வேண்டியிருந்தது. எல்லாப் பிள்ளைகளும் சமம் என்ற விழுமியம் மட்டுமே கொள்கையிலிருந்து அகற்றப்பட்டது. அதற்கு ஒரு தலைமுறை கொடுத்த விலையை நாம் அறிவோம்.

வந்தாறுமூலைக் கல்லூரி வளாகத்தில் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகமான அந்த வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்களில் 158 பேர் 1990 செப்டெம்பரில் இராணுவத்தால் கொண்டுசெல்லப்பட்டுக் காணாமலாக்கப்பட்டார்கள்.

ஆனாலும் இடம்பெயர்ந்த நம் பிள்ளைகள் மரநிழலிலும் தறப்பாள் கொட்டில்களிலும் படித்துப் பரீட்சைக்குத் தோற்ற முடிந்தது. எல்லாவற்றையும் இழந்து நின்ற பெற்றோரிடம் அப்போதும் எவரும் பாடசாலைக் கட்டணம் கேட்கவில்லை. கன்னங்கரா விட்டுச்சென்றதில் நம் கைக்கு எஞ்சியது அதுதான். மீட்க வேண்டியது அந்தச் சமத்துவம்.